நீல் தீவு ஜெட்டியில் பிழை பிடித்த கதை

அந்தமானுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தொப்பி வாங்கிக்கொள், நீச்சல் உடை எடுத்துக்கொள், பவளப்பாறையைப் பார்க்காமல் வந்துவிடாதே. நான் போவது ஒரு மென்பொருளில் இருக்கும் பிழையைத் தேடுவதற்கு என்பது ஒருவர் காதிலும் ஏறவில்லை. விமானத்தின் ஜன்னல் வழியே நீலமும் பச்சையுமாகத் தீவுகள் தெரியத் தொடங்கியபோது எனக்கே அது பாதி மறந்துபோயிருந்தது.

"ஸ்ரீ விஜயபுரத்துக்கு உங்களை வரவேற்கிறோம்" என்றார் விமானி. முன்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்த மனைவியைத் தட்டி, "எந்திரி, போர்ட் பிளேர் வந்துருச்சு" என்றார். ஊருக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்டோக்காரர்களுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

என்னை வரவழைத்தவர் பாண்டியன் அண்ணன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் கப்பலேறி வந்தவர். கட்டிட ஒப்பந்தங்கள் எடுத்துச் சம்பாதித்து, இப்போது போர்ட் பிளேருக்கும் நீல் தீவுக்கும் இடையில் ஒரு பயணிகள் படகு ஓட்டுகிறார். அந்தப் படகின் டிக்கெட் மென்பொருளைச் சில வருடங்களுக்கு முன் எங்கள் நிறுவனம்தான் எழுதிக் கொடுத்தது. எழுதியவர்கள் இப்போது எங்களிடம் இல்லை. அதனால் வேலை என் தலையில் விழுந்தது.

அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். கீழே பஸ் ஹாரனும் வங்காளி மிட்டாய்க்கடையின் நெய் வாசனையும் சேர்ந்து படியேறி வந்தன.

"வாம்மா, பைட்டோ. சாய் சாப்பிடு. இந்தத் தகராறக் கேளு. சீட்டு காலியா கிடக்கு. டிக்கெட்டும் கன்ஃபர்ம். ஆனா சவாரி ஜெட்டில நிக்குது. எனக்கு சமஜ்ல வரவே இல்ல." உட்காரச் சொல்வதும் புரியவில்லை என்பதும் பாண்டியன் அண்ணனுக்குப் பாதி இந்தியில்தான் வரும்.

பிரச்சினை இதுதான். படகில் ஏறும்போது ஒவ்வொருவரின் டிக்கெட்டையும் ஒரு போனால் ஸ்கேன் செய்வார்கள். ஏறியவர்களின் எண்ணிக்கை திரையில் கூடிக்கொண்டே வரும். படகு நிறைந்ததும் திரை சிவப்பாகும். அதன்பின் ஓர் ஆளையும் ஏற்றக்கூடாது; அது பாதுகாப்பு விதி. ஆனால் நீல் தீவில் மட்டும், இருக்கைகள் மிச்சமிருக்கும்போதே சில நாட்கள் திரை சிவந்துவிடுகிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெட்டி என்கிற அந்தப் படகுத்துறையில் நின்று படகு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். போன வாரம் அப்படி நின்றவர்களில் ஒரு பெண், அப்பாவைக் கண் அறுவை சிகிச்சைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தவர். அன்று விட்ட தேதி மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது.

"அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணி அழுதுச்சும்மா. பீக் சீசன் வருது. சரியாகலைன்னா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பேப்பர் டிக்கெட்டுக்குப் போயிருவேன். பேப்பர்னா கம்ப்யூட்டர் ஆளு எதுக்கு?"

கடைசி வாக்கியம் எனக்கில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ரோஸ்லினுக்கு. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் அவள்தான். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்து கராச்சர்மாவில் குடியேறிய மீன்பிடிக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். அவள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அன்று மாலை நான் என் வழக்கமான வித்தையில் இறங்கினேன். நிரலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது. ஒரு வரி ஓடும், நிற்கும், உள்ளே எந்த எண் என்னவாக மாறியது என்று பார்ப்பேன், அடுத்த வரி. எல்லா நிறுத்தத்திலும் நின்று போகும் டவுன் பஸ் மாதிரி. இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. வெளியே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. இங்கே சூரியன் கிழக்கே வாழ்கிறது, கடிகாரம் மட்டும் டெல்லியில் வாழ்கிறது. நான் ஏதோ ராத்திரி முழுக்க உழைத்தவள் போலக் களைத்துவிட்டேன். பிழை கிடைக்கவில்லை. எல்லா வரியும் யோக்கியமாக இருந்தது.

"சரி மேடம்," என்றாள் ரோஸ்லின், "சிக்னல் இல்லன்னா போன் என்ன செய்யுது?"

திரையை மறுபடி மேலே தள்ளினேன். அந்த வரிகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கடந்து வந்திருந்தேன். இருந்தும் முழுக்கதையைச் சொல்லத் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் நிறுத்தங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவளிடம் ஊரின் வரைபடத்தைக் கேட்டால் எப்படி இருக்கும்?

அவள் முறை வேறு. கணினியைத் தொடாமல் நிரலைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பாள். பிறகு, "இதை ஓட்டினா இப்படி ஆகணும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஓட்டுவாள். அவளுக்கும் பிழை கிடைக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மறுநாள் மதியம் என்னைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்திருந்தாள். கராச்சர்மா வழியாகப் போகும் வண்டூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுதான் தப்பு. தென்னை, பாக்கு, நடுவே சட்டென்று ஒரு துண்டுக் கடல் என்று பார்த்துக்கொண்டே வந்ததில் நிறுத்தத்தை விட்டுவிட்டேன். கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: "கராச்சர்மாவுக்குச் சீட்டு வாங்கிவிட்டு வண்டூரில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?" பின்னால் இருந்த ஒரு பெண் அதைவிட வேகமான இந்தியில், "பாவம், மெயின்லேண்ட்காரி, இறக்கிவிடு" என்றாள். ஆட்டோ கிடைக்காமல் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்து, சோறு ஆறிய பிறகு போய்ச் சேர்ந்தேன்.

ரோஸ்லினின் அம்மா குழம்பை மறுபடி சூடாக்கினார். நான் வஞ்சிரம் என்றேன், அவர் நெய்மீன் என்றார். முந்தின நாள் பஜார் ஓட்டலில் அதையே சுர்மை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தேங்காயும் புளியும் சரியாகக் கூடிய குழம்பு. சென்னையில் நான் வைக்கும் குழம்பு இதன் தூரத்துச் சொந்தம்கூட ஆகாது.

"இவ மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போயிருவாளோன்னு இவ அப்பாவுக்கு ஒரே பயம்மா" என்றார் அந்த அம்மா, எனக்கு இன்னொரு துண்டு வைத்தபடி. "இங்க இந்த வேலைய விட்டா வேற கம்ப்யூட்டர் வேலை ஏது? ஆனா இவளுக்குப் போக இஷ்டமில்ல. கடலு இல்லாத ஊர்ல எப்படிம்மா இருப்பேங்கா."

"சென்னைல கடல் இருக்குங்கம்மா" என்றேன்.

"அதையும் கடலும்பாக" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நீல் ஜெட்டியில் சிக்னல் மோசம். போன் தகவலைச் சர்வர் என்னும் மையக் கணினிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வரத் தாமதமானால் மறுபடி அனுப்புகிறது. அதனால் ஒருவரே இருமுறை எண்ணப்படுகிறார். அப்படியென்றால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிட்டால் போதும். ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை.

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். "ஒரே போன் எத்தன தடவ அனுப்பினாலும் சர்வர் ஒரு தடவதான் எண்ணும் மேடம். அதப் படிச்சுப் பாத்துட்டேன்."

"போட்டுத்தான் பார்ப்போமே."

"போடுங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, நாளைக்கு என்ன ஆகும்?"

"தப்பு எண்ணிக்கை குறையும்."

"நான் சொல்றேன், ஒரு மாற்றமும் இருக்காது."

எண்ணை மாற்றினோம். சாயங்காலம் பஜாரில் சுற்றி, சமோசா தின்று, முத்து என்று சொல்லி விற்ற எதையோ வாங்கினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் பிற்பகல் பாண்டியன் அண்ணனின் குரல் துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். நீல் தீவிலிருந்து கிளம்பிய படகு முன்னெப்போதையும்விட அதிகக் காலி இருக்கைகளோடு வந்து சேர்ந்திருந்தது. ஜெட்டியில் விடப்பட்டவர்களில் ஒரு புதுமணத் தம்பதி, விமானத்தைத் தவறவிட்டார்கள்.

"மெட்ராஸ்லேருந்து ஆளக் கூட்டிட்டு வந்தா கம்மியாகும்னு பாத்தா, ஜாஸ்தி ஆகுது! போதும் ரோஸ்லின். நீ வேற இடம் பாத்துக்க. நாளன்னைக்கிலேருந்து பேப்பர்."

எண்ணை மாற்றியது நான். திட்டு வாங்கியது அவள். அதை நான் சொன்னேன். அவர் கையை வீசி, "யாரு மாத்தினா என்னம்மா, ஜெட்டில நின்னவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

ரோஸ்லின் மட்டும் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. ஏதோ சாமான் தொலைந்துபோன இடம் ஞாபகம் வருவது போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"குறையும்னு நீங்க சொன்னீங்க. அப்படியே இருக்கும்னு நான் சொன்னேன். ரெண்டு பேருமே தப்பு. கூடிருச்சு." அவள் பேச்சு வேகமாகிக்கொண்டே வந்தது. "அப்ப காத்திருக்குற நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஆனா அந்த சம்பந்தம் கோட்ல இல்ல. கோட் எனக்கு மனப்பாடம். அப்ப அது எங்க இருக்கு?"

"ஜெட்டியில்" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்த்தாள். "நான் நீல் ஜெட்டில போய் நின்னு பாத்ததே இல்ல கல்பனா." மேடம் போய்ப் பெயர் வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.

பாண்டியன் அண்ணனிடம் ஒரு நாள் கேட்டு வாங்கினாள். "ஏக் தின்" என்றார் அவர், ஒரு விரலைக் காட்டி. "பஸ், அவ்ளோதான்."

காலையில் ஹடோ ஜெட்டியிலிருந்து படகேறினோம். துறைமுகத்தைத் தாண்டும்வரை நான் உல்லாசப் பயணி. தாண்டியதும் அலை பெரிதானது. நான் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். நீல் தீவுக்குக் காய்கறி வியாபாரமாகப் போய்வரும் ஒரு வங்காளிப் பெண்மணி எலுமிச்சையைக் கீறி உப்புத் தடவி என் கையில் திணித்தார். "கீழே பார்க்காதே, தூரத்தில் பார். கரை எங்கே இருக்கிறதோ அங்கே" என்றார் இந்தியில். எங்கும் கரை இல்லை. எலுமிச்சையைச் சப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக வடை தின்றாள். மீன்பிடிக் குடும்பம்.

நீல் தீவின் ஜெட்டிக்கு அடியில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. கோடு போட்ட மீன்கள் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதைப் பார்க்க ஒருத்தி, வரிசையைப் பார்க்க ஒருத்தி என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ரோஸ்லின் சிரிக்கவில்லை.

திரும்பும் பயணிகள் வரிசையில் நின்றார்கள். டிக்கெட் பார்ப்பவர் ராவ், தெலுங்குக்காரர், சுறுசுறுப்பான மனிதர். முதல் சில டிக்கெட்டுகள் சட்சட்டென்று ஸ்கேன் ஆகின. பிறகு சிக்னல் போயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. குழந்தை ஒன்று வீறிட்டது. ராவ் போனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். அதே டிக்கெட்டை அதில் ஸ்கேன் செய்தார். வட்டம் சுற்றுவதற்குள் அந்தப் பயணியை உள்ளே அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ரோஸ்லின் என் முழங்கையை அழுத்திய அழுத்தலில் எலுமிச்சைத் தோல் கீழே விழுந்தது.

"ராவ்ஜி, அது யாருடைய போன்?"

"கம்பெனி போன்தான். நீங்கள் கொடுத்தது" என்றார் அவர் இந்தியில், கை நிற்காமல். "ஒன்று சுற்றிக்கொண்டே நின்றால் மற்றதில் அடிப்பேன். இந்த வெயிலில் ஜனங்களை எவ்வளவு நேரம் நிறுத்துவது? நேற்றிலிருந்து இன்னும் மோசம், ரொம்ப நேரம் சுற்றுகிறது. யாரோ எதையோ கெடுத்துவிட்டார்கள்."

நான் மீன்களைப் பார்த்தேன்.

இரண்டாவது போனில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தது ரோஸ்லினேதான். முதல் போன் தண்ணீரில் விழுந்தால் உதவட்டும் என்று கொடுத்திருந்தாள். இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. நிரலும் நினைக்கவில்லை. ஒரே போன் அதே டிக்கெட்டைப் பலமுறை அனுப்பினால் ஒன்றாக எண்ணத் தெரிந்த சர்வருக்கு, இரண்டு போன்கள் அனுப்பினால் அவை இரண்டு ஆட்கள். சிக்னல் வந்ததும் இரண்டும் போய்ச் சேரும். திரை சிவக்கும். நான் காத்திருப்பைக் கூட்டியதும் வட்டம் இன்னும் நேரம் சுற்றியது. ராவின் கை இன்னும் அடிக்கடி சட்டைப் பைக்குப் போனது.

பிழை எந்த வரியிலும் ஒளிந்திருக்கவில்லை. மற்றபடி நல்லவர்களான இரண்டு வரிகளுக்கு நடுவே, அவசரத்தில் இருந்த ஒரு நல்ல மனிதரின் பையில் இருந்தது.

அங்கேயே திருத்திவிடலாம் என்று நான் மடிக்கணினியைத் திறக்கப் போனேன். ரோஸ்லின் தடுத்தாள். "முதல்ல சொல்லுவோம். ராவ்ஜி ரெண்டாவது போன எடுக்காம மிச்ச ஆட்கள ஏத்தினா, இனிமே கூடுற எண்ணிக்கை ஏறுற தலைகளோட அப்படியே பொருந்தணும். பொருந்தலைன்னா நமக்கு இன்னும் புரியலைன்னு அர்த்தம்."

ராவ் சம்மதித்தார். வரிசை முணுமுணுத்தது. ஒருவர் எங்களை அரசாங்க ஆட்கள் என்று நினைத்துப் புகார் சொல்லத் தொடங்கினார். நான் ஒவ்வொரு தலையாக எண்ணினேன். கடைசி ஆள் ஏறியதும் ரோஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். பொருந்தியிருந்தது. அதுவரை இரட்டையாக ஏறிய கணக்கைத் தலையெண்ணிச் சரிபார்த்து, திரை சிவந்தபின்பும் ஒருவரையும் விடாமல் ராவ் படகை அனுப்பினார்.

நாங்கள் தீவிலேயே தங்கி, பிற்பகல் படகுக்குள் திருத்தத்தை முடிப்பதென்று ஏற்பாடு. கடைத்தெருவில் ஓர் ஓலைக்கூரைச் சாப்பாட்டுக்கடை. சோறும் பருப்பும் பொரித்த மீனும் வந்தன. ரோஸ்லின் நிரலை எழுதினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் கேட்ட "இப்ப என்ன ஆகும்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னேன். ஓரிடத்தில் என் பதில் தப்பு. அங்கே நிறுத்தி, வரிவரியாக ஓட்டிக் காட்டினேன். அவள் கவனிக்காத ஓர் ஓட்டை தெரிந்தது. சிக்னல் வந்ததும் பழைய தகவல் பிந்தி வந்து புதியதை அழிக்கும் இடம் அது. "இதுக்கு உங்க டவுன் பஸ் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இனி யார் எந்த போனில் ஸ்கேன் செய்தாலும் ஒரு டிக்கெட்டுக்கு ஓர் ஆள். மாற்றம் மிகச் சிறியது. அதைச் சர்வருக்கு அனுப்பத்தான் பாடு. மடிக்கணினியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிக்னலைத் தேடி வாழைத்தோப்பு ஓரமாக நடந்தோம். இரண்டு நாய்கள் துணைக்கு வந்தன. ஒரு தேங்காய்க் கடை வாசலில் அது போய்ச் சேர்ந்தது.

பிற்பகல் படகுக்கு ராவிடம், "இஷ்டம்போல இரண்டு போனிலும் அடியுங்கள்" என்றோம். அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அடித்தார். வட்டம் சுற்றியது. போன்கள் மாறின. வரிசை கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு தாடிக்காரப் பையனும் அவன் அம்மாவும் இரண்டு அன்னாசிப் பைகளும் மட்டும் மிச்சம். ரோஸ்லின் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏறினார், பையன் ஏறினான், அன்னாசி ஏறியது. திரை பச்சையாகவே இருந்தது. உள்ளே போய்த் தலைகளை எண்ணினேன். திரும்பி வந்து, திரையில் இருந்த அதே எண்ணைச் சொன்னபோது அவள் ஜெட்டியின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் முதுகில் கை வைத்தேன். இரண்டும்தான்.

திரும்பும்போது கடல் அமைதியாக இருந்தது. மேல்தளத்தில் நின்றோம். இந்த நிரல் மொத்தமும் அழிந்துபோனால் மறுபடி எழுத முடியுமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். முடியும் என்று தோன்றியது. நான் சரிசெய்த நிரல்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அவை ஓடின, அதனால் அடுத்ததற்குப் போனேன். அதை ரோஸ்லினிடம் சொன்னேன்.

"நான் இத மனப்பாடமா வச்சிருந்தேன்" என்றாள். "எனக்கே இன்னைக்குத்தான் புரிஞ்சுது."

அலுவலகத்தில் பாண்டியன் அண்ணன் முழுக்கதையையும் கேட்டார். ரெண்டாவது போன் என்ற இடம் வந்ததும், "அரே!" என்று மேஜையைத் தட்டினார். பேப்பர் பேச்சை அத்தோடு விட்டார். வேற இடம் பார் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் கீழே ஆளனுப்பி ரசகுல்லா வரவழைத்தார். ரோஸ்லினிடம் முதல் கிண்ணத்தை அவரே நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு, "அண்ணே, எனக்கு ஒண்ணு வேணும்" என்றாள். "மாசத்துக்கு ஒரு தடவ படகுல போய்ப் பாத்துட்டு வருவேன். ரூம்ல உக்காந்தே இருந்தா பாதிதான் தெரியுது."

"போம்மா, ஆராமா போ" என்றார் அவர். "ஆனா சீட்டு காலியா இருக்கற அன்னைக்குப் போ. ஃபுல்லாச்சுன்னா அந்த ராவ் உன்னயவே இறக்கி விட்டுருவான். இப்பத்தான் எண்ணிக்கை சரியா காட்டுதே."